செண்பகம் பூக்க என்ன வேண்டும்?

செண்பகத்தைப் பற்றிய கேள்விகள் மேசையில் சேர்ந்துகொண்டே வந்தன. பாம்பு வருமா என்ற பயத்திலிருந்து, வருடக்கணக்கில் வளர்த்தும் பூக்கவில்லையே என்ற ஏக்கம் வரை எல்லாம் இருந்தன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் செண்பகத்துக்கே.

வீட்டு வாசலில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம். வாசனைப் பூ வேண்டும். எதை வைக்கட்டும்?
— வாசகி, திருச்சி

தண்ணீர் தேங்காத நல்ல மண் என்றால் செண்பகம். உப்புத் தண்ணீர் என்றால் மகிழம். இருப்பதே ஆறடி இடம் என்றால் பவளமல்லி. இந்த மூன்றில் ஒன்று உங்கள் வாசலுக்குப் பொருந்தும்.

செண்பகத்தை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. மல்லிகையை முழம் முழமாக வாங்குகிறோம். செண்பகத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் வாங்குகிறோம், ஏனென்றால் ஒரு பூவே போதும். சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி வையுங்கள். நன்றாக வளர்ந்தால் அறுபது, எழுபது அடி போகக்கூடிய மரம் அது.

நர்சரியில் கொடுப்பது செண்பகம்தானா? ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா? எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலில் இளங்கிளை. இலை கிளையோடு சேரும் ஒவ்வொரு கணுவிலும், கிளையைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு ஒன்று ஓடும். குருத்தை மூடியிருந்த உறை உதிர்ந்த தடம் அது. கிளை நுனியில் இன்னும் விரியாத குருத்து கூரான உறைக்குள் இருக்கும். தடவினால் மென்மயிர் விரலில் தட்டுப்படும். ஆல், அத்தி, பலாவிலும் இந்த வளையம் உண்டு. ஆனால் அவற்றைக் கிள்ளினால் பால் வரும். செண்பகத்தில் பால் வராது.

அடுத்து அடித்தண்டு. மண்ணிலிருந்து ஒரு சாண், இரண்டு சாணுக்குள் தண்டில் ஒரு முடிச்சோ சாய்வான தழும்போ இருந்தால் ஒட்டுக்கன்று. தண்டு ஒரே சீராக ஏறினால் விதைக்கன்று. ஒட்டு இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். விதைக்கன்று பூக்க ஏழெட்டு வருடமாகும், பத்தும் ஆகலாம்.

ஒட்டுக்கன்று வாங்கியதும் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. ஒட்டுக் கட்டிய பாலித்தீன் நாடா இன்னும் இருந்தால் அறுத்து எடுங்கள். விட்டால் தண்டு பருக்கும்போது நெரித்துவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். அது வேர்ச்செடியின் துளிர். வளரவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மேல்கிளை மெலிந்து போகும்.

ஒன்பது வருடமாக வளர்க்கிறேன். இரண்டாள் உயரம் தாண்டிவிட்டது. ஒரு மொட்டுகூட இல்லை. வெட்டிவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.
— வாசகி, சேலம்

வெட்டாதீர்கள் அம்மா. பூக்கும் வாசலில் வந்து நிற்கிற மரத்தைப் போய் வெட்டுவதா?

உங்களுடையது விதைக்கன்றாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு ஒன்பது வருடம் தாமதமே இல்லை. ஆனாலும் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, வெயில். செண்பகம் சிறுவயதில் நிழலைத் தாங்கும். பூக்க வேண்டிய வயதில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் கேட்கும். பக்கத்து மாமரம் மறைக்கிறது என்றால் மாமரத்தில் இரண்டு கிளைகளைக் கழியுங்கள். இரண்டு, உரம். யூரியாவோ அளவுக்கு மீறிய சாணமோ போட்டால் இலை மட்டும் தளதளவென்று வரும், மொட்டு வராது. இந்த வருடம் தழைச்சத்தை நிறுத்திவிட்டு, மழைக்கு முன் மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் எலும்புத் தூளும் மட்டும் போடுங்கள். மூன்று, கத்தரி. செண்பகம் இலைக்கணுவில் ஒற்றை ஒற்றையாக மொட்டு வைக்கும் மரம். அழகுக்காக அடிக்கடி நுனியை வெட்டினால் மொட்டு வரும் கணுவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள்.

வீட்டாருக்கு என் வேண்டுகோள்: இன்னும் இரண்டு மழைக்காலம் பொறுங்கள்.

செண்பகம் வைத்தால் பாம்பு வரும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?
— வாசகி, ஈரோடு

வாசனைக்காகப் பாம்பு வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும் வரும். ஒளிந்துகொள்ள இடம் தேடி வரும். மரத்தடியில் செங்கல் குவியலும் உடைந்த சட்டிகளும் புதரும் இருந்தால், அங்கே நிற்பது செண்பகமானாலும் வாழையானாலும் பாம்புக்கு ஒன்றுதான். தாழைக்கும் மனோரஞ்சிதத்துக்கும் இதே பழி உண்டு. இரண்டும் அடர்ந்து புதராக மண்டுபவை என்பதால் அந்தப் பேச்சு வந்திருக்கலாம். மாமியாரின் எச்சரிக்கையில் நல்லது ஒன்று இருக்கிறது: மரத்தடியைச் சுத்தமாக வையுங்கள், இருட்டிய பின் பூப்பறிக்க விளக்கோடு போங்கள்.

புதுத் துளிர் எல்லாம் மஞ்சளாகவே வருகிறது. நரம்பு மட்டும் பச்சை. என்ன நோய்?
— வாசகர், நாமக்கல்

நோய் இல்லை, பசி. இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல; மண்ணிலோ தண்ணீரிலோ சுண்ணாம்பு மிகுந்தால் இருக்கும் இரும்பை வேரால் எடுக்க முடியாது. செண்பகம் லேசான புளிப்பு மண்ணை விரும்பும் மலைமரம். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதா பாருங்கள். வீடு கட்டியபோது மிச்சமான சிமென்ட், சுண்ணாம்பு, இடிபாடு எல்லாம் அந்த இடத்தில் புதைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். புதுவீட்டுத் தோட்டங்களில் பாதித் தொல்லை அங்கேதான் கிடக்கிறது.

உடனடி மருந்து: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கலந்த உடனே சாயங்கால வேளையில் இலை நனையத் தெளியுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, புதுத் துளிர் பச்சையாக வரும் வரை. மல்லிகைத் தோட்டக்காரர்கள் செய்வதும் இதுவே. நிரந்தர மருந்து: மக்கிய இலையுரம், மூடாக்கு, மழைத் தண்ணீர்.

புதிய இலை பச்சையாக இருந்து அடி இலைகள் மட்டும் மஞ்சளானால் அது வயதான இலை உதிர்வது, அல்லது தழைச்சத்துக் குறை. எல்லா இலையும் ஒன்றாக வாடி, மண்ணும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகுகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எந்த இலை மஞ்சள் என்று பார்க்காமல் உரக்கடைக்குப் போகாதீர்கள்.

எங்கட வளவில செண்பகம் வச்சு மூண்டு வருசம். கிணத்துத் தண்ணிதான் விடுறம். இலையெல்லாம் வெளுத்துப் போகுது.
— வாசகர், யாழ்ப்பாணம்

மேலே நாமக்கல்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும், இன்னும் அழுத்தமாக. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறை மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்தே வரும். கூரையில் விழும் மாரி மழையைத் தொட்டியில் பிடித்து வைத்து, முடிந்தவரை அதையே விடுங்கள். மரத்தைச் சுற்றிக் குப்பை எருவும் மக்கிய இலையும் தடிப்பாகப் போடுங்கள். அடுப்புச் சாம்பலை மட்டும் போட வேண்டாம். காரத்தை அது இன்னும் கூட்டும். உங்கள் மண்ணில் செண்பகம் முடியாதது அல்ல. கவனிப்பு கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் களிமண். மழை பெய்தால் மூன்று நாள் தண்ணீர் நிற்கும். செண்பகம் வருமா?
— வாசகர், மன்னார்குடி

உங்கள் ஊருக்கே செண்பகாரண்யம் என்று பழம்பெயர் சொல்கிறார்கள். அந்த ஊர்க்காரர் வருமா என்று கேட்கலாமா? வரும். ஆனால் குழியில் வராது, மேட்டில் வரும்.

நடுவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டடி ஆழம், இரண்டடி அகலம் குழி எடுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்தக் குழியில் செண்பகம் வைக்கக் கூடாது. அதன் வேர் சதைப்பற்றான வேர். காற்றில்லாமல் இரண்டு மூன்று நாள் மூழ்கிக் கிடந்தால் அழுகத் தொடங்கும்.

அதற்குப் பதில் ஆறடி அகலத்துக்கு, ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போடுங்கள். பாதி செம்மண், கால் பங்கு மணல், கால் பங்கு மக்கிய தொழுவுரம், இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. மேட்டின் உச்சியில் கன்று. சுற்றிலும் தண்ணீர் ஓடிப் போக ஒரு வாய்க்கால். பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செண்பகம் வேர் அறுவதைப் பொறுக்காது. அதே காரணத்தால், வைத்த இடம் பிடிக்கவில்லை என்று இரண்டு வருடம் கழித்துப் பிடுங்கி இன்னொரு இடத்தில் நடாதீர்கள். இடத்தை இன்றே யோசித்து முடிவு செய்யுங்கள்.

கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர். உப்புக்காற்று. செண்பக ஆசை.
— வாசகர், தூத்துக்குடி

ஆசையை மகிழமாக மாற்றிக்கொள்ளுங்கள். உப்புக்காற்று செண்பக இலையை விளிம்பிலிருந்து கருக்கிவிடும். வருடா வருடம் அதைப் பார்த்து நீங்களும் வருந்துவீர்கள். மகிழம் மெதுவாக வளரும், கடற்காற்றைத் தாங்கும், உதிர்ந்து காய்ந்த பூவும் மணக்கும். இடம் பெரிதென்றால் புன்னை. அது கடற்கரையிலேயே பிறந்த மரம். வெள்ளைப் பூவும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாக மணத்தோடு பூக்கும். மண்ணுக்கு உரிய மரத்தை வைப்பது தோல்வி இல்லை, அதுதான் தோட்டக்கலை.

இலைகளைப் பச்சைப் புழு தின்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
— வாசகி, மதுரை

மருந்தைக் கீழே வையுங்கள். முதலில் புழுவை உற்றுப் பாருங்கள். உருண்டு திரண்டு, தலைப்பக்கம் தடித்து, வால்பக்கம் ஒடுங்கி இருந்தால், அது கரும்பழுப்புச் சிறகில் பச்சைப் புள்ளிகள் தெறித்த அந்த வண்ணத்துப்பூச்சியின் பிள்ளையாக இருக்கலாம். பூவில் உட்கார்ந்து தேன் குடிக்கும்போதும் சிறகு படபடத்துக்கொண்டே இருக்குமே, அதுதான். நெட்டிலிங்கம், சீத்தா, மனோரஞ்சிதம், செண்பகம் போன்றவற்றில்தான் அது முட்டையிடும். வேறு செடியைக் கொடுத்தால் அதன் புழு பட்டினி கிடக்கும்.

நாலைந்து இலை போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. புழு சில நாளில் கூட்டுப்புழுவாகிவிடும்; அதுவும் பச்சையாக, இலை மடிப்பைப் போலவே தொங்கும். தேடிப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கன்று முழங்கால் உயரம்தான், இலையே எட்டுதான் என்றால் மட்டும் புழுவை மெல்ல எடுத்துப் பக்கத்து நெட்டிலிங்கத்தில் விட்டுவிடுங்கள்.

மருந்து வேண்டியது வேறு இரண்டுக்கு. தண்டில் ஒட்டிக் கிடக்கும் செதில் பூச்சி, கணுவில் வெள்ளையாகப் படியும் மாவுப்பூச்சி. இவை சாறு உறிஞ்சும். கசியும் இனிப்பில் கரும்பூசணம் படரும். எறும்பு வரிசை கட்டும். வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டுத் தெளித்தால் நன்றாகக் கேட்கும்.

செண்பகம் நம் மரம்தானா? மக்னோலியா என்று வெளிநாட்டுப் பெயர் சொல்கிறார்களே?
— வாசகர், தென்காசி

குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவி இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு இந்தச் சந்தேகம் வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகள் அதன் சொந்த வீடு. இமயத்தின் கிழக்குப் பகுதியிலும், அங்கிருந்து பர்மா, தாய்லாந்து, இந்தோனேசியா வரையிலும் உறவு உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களில் செண்பகமும் ஒன்று. திருநாகேசுவரத்தில் அதுவே தலமரம்.

பெயர் விஷயம் எளிது. 1753-ல் லின்னேயஸ் இதற்கு மைக்கேலியா சம்பகா என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் தாவரவியலாளர்கள் மைக்கேலியாவை மக்னோலியாவோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் இப்போது மக்னோலியா சம்பகா. சம்பகா என்ற பாதி அன்றும் இன்றும் நம் பக்கத்துச் சொல்தான்.

வெள்ளைச் செண்பகத்தில் விதையே வைப்பதில்லை. மஞ்சளில் மட்டும் காய் தொங்குகிறது. ஏன்?
— வாசகர், பெங்களூரு

வெள்ளைச் செண்பகம் மஞ்சளின் நேர்வாரிசு இல்லை. மஞ்சளும் வேறொரு மக்னோலியாவும் கலந்து பிறந்த கலப்பினம். அதில் விதை வைப்பது மிக அரிது. ஆகவே வெள்ளைச் செண்பக விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மஞ்சள் செண்பகக் கன்றின் மேல் ஒட்டுக்கட்டியோ, விண்பதியன் போட்டோதான் வெள்ளையைப் பெருக்குகிறார்கள். இடம் குறைந்தவர்களுக்கு வெள்ளையின் ஒட்டுக்கன்று நல்ல தேர்வு. சின்னதாக இருக்கும்போதே பூக்கத் தொடங்கிவிடும்.

செண்பக விதை ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்தேன். ஆறு மாதம் கழித்துப் போட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை.
— வாசகர், ஏற்காடு

டப்பாவில் வைத்ததுதான் காரணம். செண்பக விதையில் எண்ணெய் அதிகம். காயக் காய உயிர் போய்விடும். நெல்லைப்போல் சேமித்து வைக்கிற விதை இல்லை அது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். கொத்துக் காய் வெடித்துச் சிவப்பு விதை எட்டிப்பார்க்கும்போதே பறியுங்கள். தாமதித்தால் சின்னானும் குக்குறுவானும் முந்திக்கொள்ளும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, மணல் சேர்த்துக் கையால் பிசைந்து சிவப்புச் சதையை முழுக்கக் கழுவுங்கள். சதை ஒட்டியிருந்தால் முளைப்பு தாமதமாகும், எறும்பும் தூக்கிப் போகும். உள்ளே கறுத்த விதை தெரியும். அன்றே நிழலில், மணலும் இலைமக்கும் கலந்த தட்டில், ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். ஈரம் மாறக் கூடாது. முளைக்க ஓரிரு மாதம் ஆகும். அதற்குள் தோண்டிப் பார்க்காதீர்கள்.

மாடியில் தொட்டியில் வளர்க்க முடியுமா?
— வாசகி, சென்னை

முடியும், ஒட்டுக்கன்றாக இருந்தால். இருபது அங்குல அகலத் தொட்டி, அல்லது பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம். அடியில் ஐந்தாறு துளை, துளை மேல் ஓட்டுச் சில்லு. மண் கலவை மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதே; செம்மண்ணில் கொஞ்சத்தைக் குறைத்துத் தென்னைநார்க்கழிவு சேர்த்தால் எடை குறையும்.

சென்னையின் அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடித் தளமும் கொதிக்கும். அந்த வாரங்களில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மதியத்துக்கு மேல் நிழல் வலை கட்டுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ மூடாக்காகப் போடுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மெட்ரோ தண்ணீரானாலும் லாரித் தண்ணீரானாலும் உப்பு சேர்ந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறை அடித்துளை வழியாக ஓடும் அளவு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மழைக்காலத் தொடக்கத்தில் மேல்மண்ணை மாற்றுங்கள்.

பகலில் சுமாராக மணக்கும் பூ, சாயங்காலமானால் தெருவையே தூக்குகிறதே, எப்படி?
— பள்ளி மாணவி, தஞ்சாவூர்

நல்ல கண்ணும் நல்ல மூக்கும் உனக்கு, கண்ணு! பூ மணப்பது நமக்காக இல்லை. மக்னோலியா குடும்பம் பூக்கும் தாவரங்களில் மிகப் பழைய குடும்பங்களில் ஒன்று. அதன் பூக்கள் பெரும்பாலும் சின்ன வண்டுகளை நம்பியவை. வண்டு நடமாடும் பொழுதில் வாசனையை அதிகமாக விடுகிறது. சாயங்காலக் காற்று அடங்கியிருப்பதால் மணமும் கலைந்து போகாமல் தாழ்வாகத் தங்குகிறது.

ஒரு பூவை எடுத்துப் பிரித்துப் பார். புல்லி வேறு, அல்லி வேறு என்று பிரிக்க முடியாது. எல்லாம் ஒரே மாதிரி நீண்ட இதழ்கள், பதினைந்துக்கு மேல்கூட இருக்கும். நடுவில் சின்னக் கதிர் ஒன்று நிற்கும். அதன் அடியில் மகரந்தத் தாள்கள் நெருக்கமாகச் சுற்றியிருக்கும். மேலே இருக்கும் பச்சைப் புடைப்புகள்தான் பின்னால் கொத்துக் காயாகும். முதலில் தயாராவது மேலே உள்ள சூலகம். மகரந்தம் உதிர்வது பிறகுதான். தன் மகரந்தம் தன் மேலேயே விழாதிருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு இது.

பறித்த பூ மறுநாளே பழுப்பாகிவிடுகிறது. சாமிக்கு வைப்பதற்குள் வாடுகிறது.
— வாசகி, காஞ்சிபுரம்

கை படப் படப் பழுப்பாகும் பூ அது. முழுதாக விரிந்த பூவைப் பறிக்காதீர்கள். மாலையில் இதழ் நுனி லேசாகப் பிரிந்த மொட்டைக் காம்போடு பறித்து, வாழை இலைத் துண்டில் சுருட்டி, ஈரத்துணி மேல் வையுங்கள். காலையில் அளவாக விரிந்திருக்கும். வீட்டில் மணக்க வேண்டுமென்றால் ஒரு கிண்ணத் தண்ணீரில் இரண்டு பூவை மிதக்க விடுங்கள். தலையில் வைப்பவர்கள் காம்பைப் பின்னலுக்குள் செருகுங்கள். இதழை அழுத்தும் ஊசி வேண்டாம்.

செண்பகத்துக்குப் பத்து வருடம் யார் காத்திருப்பது? மரமல்லி வேகமாக வளர்கிறதே!
— வாசகர், செங்கல்பட்டு

வேகம் உண்மை. கிளை ஒடிவதும் அதே வேகம். மரமல்லியின் கட்டை மென்மையானது. வேரிலிருந்து அங்கங்கே கன்று கிளம்பி வரும். 2016 டிசம்பரில் வர்தா புயல் உங்கள் பக்கத்து மரங்களை என்ன செய்தது என்று பார்த்தவர் நீங்கள். திறந்தவெளிப் பூங்காவுக்கு மரமல்லி அழகு. மின்கம்பிக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். அவசரமென்றால் ஒட்டுச்செண்பகம் வையுங்கள், பத்து வருடக் கணக்கே வராது.

மரம் உயரமாகிவிட்டது. துறட்டிக்கும் எட்டவில்லை. எப்போது, எப்படிக் கவாத்து செய்வது?
— வாசகர், பொள்ளாச்சி

பெரும்பாலும் சித்திரையிலிருந்து மழைக்காலம் முடியும் வரை பூ அதிகம். அந்தப் பூக்காலம் ஓய்ந்த பிறகு வெட்டுங்கள். ஒரே வருடத்தில் மொட்டையடிக்க வேண்டாம். உச்சிக்கிளையை ஒரு பக்கக்கிளை பிரியும் இடம் வரை குறையுங்கள். மிச்சத்தை அடுத்த வருடம் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் எடுக்காதீர்கள். அரிவாளால் கொத்தாமல் ரம்பத்தால் அறுங்கள். கொத்திய புண் ஆறாது, அழுகும்.

இளங்கன்று வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி: கன்று ஐந்தடி ஆனதும் நுனியை ஒருமுறை கிள்ளிவிடுங்கள். பக்கக்கிளை வரும், கை எட்டும் உயரத்தில் பூ வரும்.

எங்கள் ஊர்க் கோயிலில் தாத்தா காலத்துச் செண்பகம். திருப்பணியில் அடிமரம் வரை கல் பதித்தார்கள். இரண்டு வருடமாக உச்சி காய்ந்துகொண்டே வருகிறது. காப்பாற்ற முடியுமா?
— வாசகர், கும்பகோணம் அருகில் ஒரு கிராமம்

முடியும், உடனே இறங்கினால். இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மரத்தைத் தாங்கும் தடித்த வேர்கள் ஆழத்தில் இருக்கலாம். உணவும் தண்ணீரும் எடுக்கும் நுண்வேர்கள் மேல்மண்ணின் ஓரடி, ஒன்றரை அடிக்குள்தான் பரவுகின்றன. கிளை நிழலையும் தாண்டிப் போகின்றன. அந்த மண்ணைக் கல்லாலும் சிமென்டாலும் மூடினால் மழைநீர் இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் உச்சி. அதனால்தான் முதலில் காய்வதும் உச்சி. நோய் மேலே தெரிகிறது, காரணம் காலடியில் இருக்கிறது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். நிர்வாகத்திடம் பேசி, அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஆறடிக்குக் கல்லைப் பெயர்க்கச் சொல்லுங்கள். கூடுதலாகக் கிடைத்தால் நல்லது. கடப்பாரையால் குத்தி வேரை அறுக்க வேண்டாம், கைக்கொத்து போதும். அடிமரத்தின் மேல் மண் ஏற்றியிருந்தால், வேர் பிரியும் கழுத்து வெளியே தெரியும் வரை அதை எடுத்துவிடுங்கள். மக்கிய உரத்தை மேலாகப் பரப்பி, மூன்று நாலு அங்குலத்துக்கு இலை மூடாக்கு போடுங்கள். அது அடிமரத்தைத் தொடக் கூடாது. வாரம் ஒருமுறை, குழாயை மெல்லத் திறந்துவிட்டு ஆழமாக நனையுங்கள். காய்ந்த கிளையை மட்டும் வெட்டுங்கள். பச்சைக் கிளை ஒவ்வொன்றும் இப்போது மரத்துக்கு வேண்டும்.

அடிமரத்தில் அடித்த ஆணியும், விளக்குச் சரம் கட்டிய கம்பியும் வெளியே வரட்டும். தண்டோடு ஒட்டி அகல் ஏற்றுகிறவர்களிடம் பணிவாகச் சொல்லி, விளக்கை நாலடி தள்ளி வைக்கச் செய்யுங்கள். சூடும் எண்ணெயும் பட்டையைக் கொல்லும்.

இரண்டு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். அதோடு, மரம் உயிரோடு இருக்கும்போதே விவரம் தெரிந்த நர்சரிக்காரரை வைத்து அதன் கிளையிலிருந்து ஒட்டுக்கட்டிக்கொள்ளுங்கள். தாத்தா பார்த்த அதே மரம் இன்னொரு வேரில் நிற்கும்.

எனக்கு 68 வயது. இந்த வயதில் செண்பகக் கன்று வைப்பது வீண் ஆசையா?
— வாசகர், திருநெல்வேலி

வீண் இல்லை ஐயா. இரண்டு கன்றாக வையுங்கள். ஒட்டுக்கன்று உங்களுக்கு, மூன்றாம் வருடம் உங்கள் கையாலேயே பூப்பறிப்பீர்கள். விதைக்கன்று பேரப்பிள்ளைகளுக்கு, அது வேரை ஆழமாக விட்டு நெடுங்காலம் நிற்கும். வீட்டில் இடமில்லை என்றால் விதைக்கன்றைப் பள்ளிக்கூடத்துக்கோ கோயில் நந்தவனத்துக்கோ கொடுங்கள். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: அதன் காலடியில் ஒருநாளும் சிமென்ட் பூசக் கூடாது.

செண்பகம் கேட்பது மூன்றுதான்: வடிகால், மூடாக்கு, பொறுமை. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்து வையுங்கள். முதல் மழை மண்ணை நனைத்ததும் கன்றை நடுங்கள்.